கண்ணெதிரே இருந்த மூன்று அஞ்சல்தலைகள்

நம் சங்க மலருக்கு இதுவரை நான் எழுதியவை ஏட்டுச் சுவடி, கல்வெட்டு, சிந்தாமணி, நீலகேசி என்றே போயின. இந்த ஆண்டு ஓர் ஆங்கிலப் படத்தைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர், “என்ன நயினார், திடீர்னு சினிமாப் பக்கம் போயிட்டீங்க?” என்று சிரித்தார். நான் எங்கும் போகவில்லை. சுவடிகளுக்கு நேர்ந்த கதிதான் இந்தப் படத்துக்கும் நேர்ந்தது. கெட்ட படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூல நூலையே மட்டம் என்று சொல்லிவிடுகிறோமே, அந்த வழக்கைத்தான் இங்கேயும் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் பெயர் ‘ஷரேட்’. விடுகதை, வேஷம் என்று இரண்டு பொருளும் கொள்ளும் சொல் அது; படத்துக்கு இரண்டும் பொருந்தும். 1963 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. இயக்கியவர் ஸ்டான்லி டோனன். ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தை ஜீன் கெல்லியோடு சேர்ந்து இயக்கினாரே, அவர்தான். திரைக்கதை வசனம் பீட்டர் ஸ்டோன், ஒளிப்பதிவு சார்லஸ் லாங், இசை ஹென்றி மான்சினி. கேரி கிராண்ட், ஆட்ரி ஹெப்பர்ன் ஜோடி. கிராண்டுக்கு அப்போது 59 வயது, ஹெப்பர்னுக்கு 34. அந்த வித்தியாசம் கிராண்டையே உறுத்தியிருக்கிறது. அதனால் படத்தில் அவர் பெண்ணைத் துரத்துவதில்லை, அந்தப் பெண்தான் அவரைத் துரத்துகிறாள். பாதிச் சிரிப்பு அதிலிருந்தே வருகிறது.

1979-இல் சென்னையில் பெரியப்பா கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் இதைப் பார்த்தேன். என் ஆங்கிலம் அன்று அரைகுறை. இருந்தும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இடையிடையே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது மத்தியான வெயிலில் மவுண்ட் ரோடே கொஞ்ச நேரம் பாரிஸ் மாதிரி தெரிந்தது. எனக்குச் சிறுவயதிலிருந்தே அஞ்சல்தலை சேர்க்கும் பைத்தியம் உண்டு. இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மர்மத்தை உடைத்தாக வேண்டும். பார்க்காதவர்கள் இந்த இடத்தில் மலரை மடித்து வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கதை இதுதான். ரெஜி என்ற பெண் கணவனை விவாகரத்து செய்யும் யோசனையோடு பாரிஸுக்குத் திரும்புகிறாள். வீட்டில் ஒரு நாற்காலி கூட இல்லை, சுவர்தான் மிச்சம். கணவன் எல்லாவற்றையும் ஏலத்தில் விற்று இரண்டரை லட்சம் டாலராக்கிக்கொண்டு கிளம்பியவன், ரயிலிலிருந்து தள்ளப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். பணத்தைக் காணோம். உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்புப் படைக்குச் சேர வேண்டிய தங்கத்தைத் திருடிய கூட்டத்தில் அவனும் ஒருவன் என்பதும், கூட்டாளிகள் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதும் பிறகு தெரிகிறது. போலீசார் ரெஜியிடம் கொடுப்பது ஒரு சின்னப் பை. அதில் சீப்பு, பேனா, பல்பொடி, சாவி, நாட்குறிப்பு, அவளுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம். எல்லோரும் இந்தப் பையைக் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறார்கள். பல்பொடியை வாயில் போட்டுக்கூடப் பார்க்கிறார்கள். இரண்டரை லட்சம் எங்கே?

கடித உறையின் மேல் ஒட்டியிருக்கிறது. மூன்று அஞ்சல்தலைகள், உலகத்திலேயே அரிதானவை. அவன் மொத்தப் பணத்தையும் அந்த மூன்றில் போட்டுவிட்டான்.

இதில் உள்ள நேர்மையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மர்மக் கதைகளில் ஆசிரியர் எதையோ நம்மிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டுவார். சந்தையில் அதற்கு வேறு பெயர். டோனன் எதையும் ஒளிக்கவில்லை. உறை திரையில் வருகிறது, கையில் எடுக்கப்படுகிறது, பிரிக்கப்படுகிறது, மறுபடி வைக்கப்படுகிறது. நாமும் பாத்திரங்களைப் போலவே கடிதத்தைப் படிக்க ஆசைப்பட்டு உறையை விட்டுவிடுகிறோம். படத்தின் சாமர்த்தியமெல்லாம் ‘நீயும்தானே பார்த்தாய்’ என்று கடைசியில் அது நம்மைக் கேட்க முடிவதில் இருக்கிறது. அப்படிக் கேட்க வேண்டுமானால் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி 2003-க்கு வருகிறேன். மும்பையில் கடை ஓரளவு காலூன்றி, வீட்டில் வி.சி.டி. பெட்டி வந்து, பிள்ளைகள் விவரம் தெரிந்து சினிமா பார்க்கத் தொடங்கிய காலம். கோட்டைப் பகுதி நடைபாதைக் கடை ஒன்றில் ‘ஷரேட்’ கண்ணில் பட்டது. இரண்டு தட்டுகள், விலை சொற்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வீடு எங்களுடையது; இரவு எங்களுக்கு நீளம். வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போட்டேன்.

அந்த இரவை எப்படிச் சொல்வது? தலைப்புக் காட்சியில் மாரிஸ் பைண்டர் வரைந்த வண்ண அம்புகளும் சுழிகளும் சுற்றிச் சுற்றி வரும். பார்க்கிறவனுக்குத் தலை சுற்ற வேண்டும். அங்கே சுழன்றவை வெறும் கட்டங்கள். வண்ணம் முழுக்க ரோஸ் மேலோங்கி, பனிமலையில் வெயில் காய்கிற ஹெப்பர்ன் காய்ச்சல்காரியாகத் தெரிந்தாள். அகலத்திரைப் படம் சதுரத்துக்குள் சிக்கிக் கிடந்தது. மான்சினியின் இசை அலைந்து அலைந்து சுருதி விலகி வந்தது. ஹோட்டல் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், முதல் தட்டு முடிந்துபோனது.

இதையெல்லாம் பொறுக்கலாம். நகைச்சுவை போனதுதான் பெரிய நஷ்டம். இந்தப் படத்தில் சிரிப்பு வசனத்தில் பாதி, முகத்தில் பாதி. கணவனின் சவ அடக்கத்தில் தேவாலயமே காலியாக இருக்க, ஒவ்வொருவனாக வருகிறான். ஒருவன் தும்முகிறான். ஒருவன் செத்தவன் மூக்கருகே கண்ணாடியைக் காட்டி மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறான். இரும்புக் கைக்காரன் குண்டூசியால் குத்தியே பார்த்துவிடுகிறான். அப்போது ஹெப்பர்ன் முகத்தில் ஓடுகிற கலவரத்தையும், வரக்கூடாத இடத்தில் வரப்பார்க்கும் சிரிப்பையும் பார்க்க வேண்டும். எங்கள் வி.சி.டி.யில் அவளுக்கு முகமே இல்லை. இட்லியில் இரண்டு மிளகு வைத்த மாதிரி இருந்தது. இரவு விடுதியில் ஆரஞ்சுப் பழத்தைக் கை படாமல் மோவாயால் மாற்றிக்கொள்ளும் விளையாட்டில், கிராண்ட் ஒரு பருமனான அம்மாளிடம் மாட்டிக்கொண்டு படும் அவஸ்தையும் அப்படியே போயிற்று.

முடிவுக் காட்சி பலே ராயல் தூண் வரிசையில், ராத்திரியில் நடக்கிறது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒருவன், எதிரே இன்னொருவன், நடுவே அஞ்சல்தலைகளோடு ரெஜி. யாரை நம்புவது? அந்தக் கேள்விக்காகத்தான் லாங் இருட்டையும் வெளிச்சத்தையும் தூண் தூணாகப் பிரித்து வைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு கறுப்புப் பலகை. அதிலிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

உறை? உறை வந்தது. வெள்ளையாக ஒரு செவ்வகம். மூலையில் ஏதோ அழுக்கு.

படம் பாதியில் இருக்கும்போதே வீட்டம்மா எழுந்துவிட்டாள். “இதுக்கா இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனாள். பையன் அதைவிட மோசம். “அப்பா, அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படித்தான் இருக்கும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னான். எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். பதினாலு வயதுப் பையன், 1963-இல் கேமராவுக்கு முகம் தெளிவாகப் பிடிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு தூங்கப் போகிறான். உண்மையில் அன்றைய 35 மி.மீ. சுருளில் அடங்கியிருந்த நுணுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட அந்தத் தட்டில் இல்லை.

கணக்குப் பார்ப்பது எங்கள் குலத்தொழில் மாதிரி, பார்த்தேன். வி.சி.டி.யில் ஒரு படச்சட்டத்துக்கு 352-க்கு 288 புள்ளி, அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம். டி.வி.டி.யில் 720-க்கு 576, நாலு மடங்கு. புளூ ரேயில் 1920-க்கு 1080. இருபது லட்சத்துக்கு மேல், இருபது மடங்கு. உறையின் மூலையில் ஒட்டிய தலைக்கு அந்த லட்சத்தில் எத்தனை புள்ளி கிடைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வி.சி.டி.யை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆசை விடாமல் இரண்டு வருஷம் கழித்து ஒரு டி.வி.டி. வாங்கினேன். வேறு அட்டை, வேறு கம்பெனி. அதே ரோஸ், அதே சதுரம். அழுக்கு மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அகலமான பாத்திரத்தில் ஊற்றினாலும் தண்ணீர்ப் பால் தண்ணீர்ப் பால்தானே.

ஏன் இப்படி என்று விசாரித்ததில் ஒரு சுவையான சங்கதி கிடைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை நிற்க வேண்டுமானால், படத்திலேயே ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும். ‘காப்பிரைட்’ என்ற சொல், அல்லது அதன் சுருக்கம், அல்லது வட்டத்துக்குள் ‘சி’ என்ற எழுத்து. கூடவே ஆண்டும் உரிமையாளர் பெயரும். ‘ஷரேட்’ தலைப்பில் ஆண்டு இருக்கிறது. யுனிவர்சல் கம்பெனியின் பெயரும் டோனன் கம்பெனியின் பெயரும் இருக்கின்றன. சகல உரிமைகளும் தமக்கே என்ற வாசகமும் இருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் விட்டுப்போயிற்று. தொகை, தேதி, பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்தை மறந்த உண்டியல் மாதிரி. வெளியான அன்றே படம் பொதுச்சொத்தாகிவிட்டது. 1978-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இப்படிப்பட்ட தவறைத் திருத்திக்கொள்ள வழி வைத்தது. 1989 மார்ச்சிலிருந்து அறிவிப்பே கட்டாயமில்லை என்றாயிற்று. இந்தப் படத்துக்கு இரண்டும் உதவவில்லை.

ஆகவே யார் வேண்டுமானாலும் படி எடுக்கலாம், விற்கலாம். எடுத்தார்கள். தொலைக்காட்சிக்காகப் போட்ட பழைய 16 மி.மீ. பிரதி ஒன்று அகப்பட்டால் போதும், அதிலிருந்து நாடா, நாடாவிலிருந்து இன்னொரு நாடா, அதிலிருந்து தட்டு. அந்தக் காலத்து வண்ணப் பிரதிகள் பலவற்றில் நீலச் சாயம் முதலில் வெளுத்துப்போகும், மிஞ்சுவது ரோஸ்தான். வெளுத்த பிரதியைப் பார்த்து எடுத்த படிக்கு, மூலத்தில் என்ன நிறம் என்று எப்படித் தெரியும்?

எங்கள் கடையில் நடப்பதையே சொல்கிறேன். அச்சகத்துக்காரர் சிலர் பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போட மூலப் பதிப்பைத் தேட மாட்டார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து, “நல்ல பேப்பரா குடுங்க நயினார், பளிச்சுன்னு வரணும்” என்பார்கள். எழுத்தே இல்லாத இடத்தில் பேப்பர் என்ன செய்யும்?

‘உரிமையாளர் இல்லாததால்தான் இந்தக் கதி’ என்று பலரும் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெருமாட்டி, பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படி எழுதுவித்துத் தானம் செய்தார். அவர் அந்த நூலை எழுதியவரல்லர். படி எடுப்பதை ஒரு தானமாகக் கருதினார், அவ்வளவுதான். எங்கள் மரபில் சாத்திர தானம் நால்வகைத் தானங்களில் ஒன்று. பிழை மலிந்த ஏட்டைக் கொடுத்துவிட்டு அதைத் தானம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. யாரும் படி எடுக்கலாம் என்பது கேடல்ல. மூலத்துக்குப் போகாமல், எடுத்ததைத் திரும்பப் பார்க்காமல் படி எடுப்பதே கேடு.

இதற்கு ‘ஷரேட்’ படமே சாட்சி. அதே பொதுச்சொத்தை அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் 1999-இல் பொறுப்பாக டி.வி.டி.யாகக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு குறை. அகலப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு போட்டதால் 480 வரிகளில் சுமார் 346 வரிகளே படத்துக்குக் கிடைத்தன. 2004-இல் அதைச் சரிசெய்து, வரிகளை வீணாக்காத முறையில் மறுபதிப்புச் செய்தார்கள். 2010-இல் புளூ ரே. நல்ல பதிப்பும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வும் பின்னால் அதைத் திருத்தித்தானே மறுபதிப்புப் போட்டார்.

உ.வே.சா. என்றதும் பாடபேதம் நினைவுக்கு வருகிறது. இந்தப் படத்திலும் ஒன்று உண்டு. தாங்கள் எந்த நிமிஷமும் படுகொலை செய்யப்படலாம் என்று ரெஜி சொல்லும் இடத்தில் அவள் பேசிய சொல் ‘அசாசினேட்’. படம் வெளிவரச் சில நாள் இருக்கையில், 1963 நவம்பர் 22-இல் கென்னடி சுடப்பட்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் ஜனங்கள் துடித்துப்போவார்கள் என்று அவசரமாக ‘எலிமினேட்’ என்று குரல் மாற்றி ஒட்டினார்கள். பிற்காலப் பதிப்புகளில் மூலச் சொல்லைத் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆனால் அன்றைய பிரதிகளிலிருந்து எடுத்த மலிவுப் படிகள் சிலவற்றில் ஒட்டுச்சொல் அப்படியே இருக்கிறது. என் வி.சி.டி.யில் இருந்தது! உதடு ஒன்று சொல்ல, காது இன்னொன்று கேட்கும். ஒரு தேசம் துக்கத்தில் இருந்த அந்தச் சில வாரங்களின் தடயம் செம்மையான பதிப்பில் இல்லை, குப்பையில் இருக்கிறது. அதனால்தான் எந்தச் சுவடியையும் ஆற்றில் விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள் போலும்.

2012-இல் பையன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அந்த புளூ ரேயை வாங்கி வந்தான். அங்கத்திய தட்டு இங்கத்திய பெட்டியில் ஓடாது. உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்துப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், நாம் வேறு மண்டலம். ஆகவே பெட்டியையும் சேர்த்துத் தூக்கி வந்திருந்தான். அது 110 வோல்ட் பெட்டி; அதற்கொரு டிரான்ஸ்ஃபார்மர் நான் வாங்கினேன். இத்தனை தடபுடலுக்குப் பிறகு, “நீங்க பாருங்க, எனக்குப் பார்த்தாச்சு” என்று வீட்டம்மா வர மறுத்துவிட்டாள். அவள் பார்த்தது அரைப் படம். மர்மம் என்ன என்று கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

படம் ஓடியது. பனி வெள்ளையாக இருந்தது. முகங்களில் கண் இருந்தது, கண்ணில் குறும்பு இருந்தது. பையன் பத்தாவது நிமிஷத்தில் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். பையைக் கொட்டிப் பரப்பும் காட்சி வந்தபோது, துணி மடித்துக்கொண்டே கூடத்தைக் கடந்த வீட்டம்மா நின்றாள். “ஏங்க, ஒட்டாத கவருக்கு எதுக்கு மூணு ஸ்டாம்ப்பு?” என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் துணியோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஃபெலிக்ஸ் என்ற வியாபாரி. பாரிஸின் அஞ்சல்தலைச் சந்தையில் கடை வைத்திருக்கும் கிழவர். விவரம் தெரியாத சிறுவன் அந்த மூன்று தலைகளை அவரிடம் கொடுத்து ஒரு பெரிய பை நிறைய சாதாரணத் தலைகளை மாற்றிக்கொண்டு போய்விடுகிறான். ரெஜி ஓடிவந்து கேட்டபோது அவர் மறுக்கவில்லை. அவள் வருவாள் என்று தெரிந்து காத்திருந்தவர் போல எடுத்துக் கொடுக்கிறார். கொடுக்குமுன் ஒவ்வொன்றின் வரலாற்றையும் சொல்கிறார். சிறிது நேரம் தன்னிடம் இருந்ததே போதும் என்கிறார். இரண்டு நிமிஷக் காட்சி. கெட்ட படியில் இது வெறும் தகவல் சொல்லும் கட்டம். நல்ல படியில், தலையைப் பார்க்கும் அவர் கண்ணையும் பிடித்திருக்கும் விரலின் பதனத்தையும் பார்த்தால், ஐந்து பேர் இதற்காகக் கொலை வரை போன படத்தில் இதை உண்மையாக அனுபவித்தவர் இவர் ஒருவர்தான் என்று தெரியும். மிகு பொருள் விரும்பாமை என்பதைப் பற்றி எத்தனையோ உரை கேட்டிருக்கிறேன். கடை போட்டிருப்பவன் ஒருவன் அதைச் செய்து காட்டி நான் பார்த்தது இங்கேதான்.

தலைகளின் நிறமும் அன்றுதான் தெரிந்தது. மூன்றும் உண்மையான அபூர்வத் தலைகளின் சாயலில், மதிப்பை மட்டும் மாற்றிச் செய்தவை. ஸ்வீடனின் 1855-ஆம் ஆண்டு மூன்று ஸ்கில்லிங் தலை பச்சையில் வர வேண்டியது. பிழையாக மஞ்சளில் அச்சானது. அறியப்பட்டது ஒன்றே ஒன்று. நிறம் பிசகியதுதான் அதன் விலையே. அதை ரோஸ் படியில் பார்த்து என்ன பயன்?

2022-இல் ‘ஷரேட்’ படத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்கு இனிக் கவலையில்லை. கவலை நமக்குத்தான். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1963-இல் வந்த தமிழ்ப் படங்களுக்கு 2023 முடிவோடு அது தீர்ந்தது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ என்ற அருமையான மர்மப் படத்துக்கு 2014-லேயே தீர்ந்தது. ‘ஷரேட்’ ஒரு சொல்லை மறந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு, நம் படங்கள் வருஷா வருஷம் ஒவ்வொரு கட்டாக வந்து சேர்கின்றன. அவற்றின் நல்ல சுருள்கள் யார் வீட்டுப் பரணில், எந்த லேபில் இருக்கின்றன என்று இப்போதே தேடாவிட்டால், வெளியூரில் பிறந்து வளரும் நம் பேரப் பிள்ளைகள் சாவித்திரியையும் சந்திரபாபுவையும் ஜெராக்ஸின் ஜெராக்ஸில்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, “அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படித்தான்” என்று நமக்கு ஆறுதலும் சொல்வார்கள்.

அந்த புளூ ரேயும், அதற்கான பெட்டியும், டிரான்ஸ்ஃபார்மரும் என் வீட்டில் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. சங்க அன்பர்கள் யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வாங்கிப் போகலாம். ‘எலிமினேட்’ உள்ள வி.சி.டி.யும் இருக்கிறது, அதை மட்டும் என் வீட்டிலேயே வந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.